வகுக்காமல் விட்ட எண்ணெய்

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் ஆறே ஆறு பேர். நான். என் வீட்டுக்காரர். ஆறு மாதம் முன்பு கட்டிக்கொடுத்த எங்கள் மகள் நித்யா. மாப்பிள்ளை சதீஷ். சம்பந்தியம்மா. சம்பந்தி ஐயா. ஏழாவதாக ஒரு ஈ காக்கை கிடையாது. இதை முதலிலேயே எழுதிவிடக் காரணம், அன்றைக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு சம்பந்தி ஊரான பாப்பாரப்பட்டியில் இன்றைக்குக் குறைந்தது நாற்பது பேர் திரிகிறார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா, நான் யாரென்று தெரியாமல், என் கதையை என்னிடமே சொல்லிச் சிரித்திருக்கிறார். (அதில் நான் ஒரு குடம் எண்ணெயைக் கொட்டுகிறேன். அது பொய். ஒன்றேகால் லிட்டர்தான்.)

நான் தொப்பூரில் வீட்டோடு ஜாக்கெட் தைக்கிறவள். படிப்பு எட்டாவது. ஒன்பதாவதுக்குப் புத்தகத்துக்கு அட்டை போட்ட வாரமே அம்மா படுக்கையில் விழ, என்னைத் தையல் மிஷினில் உட்கார வைத்தார்கள். அன்றைக்கு உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. உடம்பு இப்படி ஆனதற்கு அதுதான் காரணம் என்று சுகாதார நிலையத்து நர்ஸம்மா சொல்கிறார்.

உடம்பை விடப் பெரியது என் கவலை. கணவாயில் லாரி ஹாரன் நீளமாகக் கேட்டால் காலேஜ் பஸ்ஸில் போன மகனுக்கு என்னமோ என்று நினைப்பேன். ஹாரனே கேட்கவில்லை என்றால் ரோட்டில் என்னமோ என்று நினைப்பேன். கேஸை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வந்து, மூடியிருப்பதைப் பார்த்து, பார்க்கும்போது கை பட்டுத் திறந்திருக்குமோ என்று மறுபடியும் திரும்பியவள் நான்.

அப்பேர்ப்பட்டவளிடம் போய் நர்ஸம்மா சொன்னார்: "உங்களுக்குச் சர்க்கரை எல்லையில நிக்குதுங்க."

"எல்லையிலன்னா எந்தப் பக்கம்ங்க?"

"இந்தப் பக்கம்தான். ஆனா ஒரு காலத் தூக்கி அந்தப் பக்கம் வச்சிட்டீங்க."

அந்தக் காலை எடுக்க வழி, வாயில் போடுவதை எல்லாம் எழுதி வைப்பதாம். ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு கலோரிக்குள் நிற்க வேண்டுமாம். எதற்கு எவ்வளவு என்று ஒரு தாள் கொடுத்தார். தனியாக ஒரு நோட்டு வாங்குவானேன் என்று, ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டிலேயே எழுதினேன். இடது பக்கம் ஊர்ப் பெண்களின் மார்பளவு, இடுப்பளவு. வலது பக்கம் நான் தின்ற இட்லி.

ஒரு மாதம் எழுதினேன். எடை இம்மியும் இறங்கவில்லை. நர்ஸம்மா பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"எண்ணெய் எங்கீங்க?"

"எண்ணெய யாருங்க சாப்புடுவாங்க? சமையல்ல ஊத்தறதோட சரி."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஊத்துனது எங்கீங்க போவும்? வயித்துக்குள்ளதான போவுது. ஒரு பெரிய ஸ்பூன் எண்ணெய்ல நூத்தியிருவது கலோரி இருக்குது. மத்ததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். இது தெரியாமயே உள்ள போயிரும்."

கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போகிறது என்று ஒரு கவலைக்காரியிடம் சொல்லலாமா? அன்றிலிருந்து என் வீடு முழுக்க எண்ணெயாகத் தெரிந்தது. பருப்பு பொங்காமல் இருக்க விடுகிற ஒரு சொட்டு. இட்லித் தட்டில் தடவுகிற தடவல். களி உருட்டும்போது கையில் ஒட்டாமல் இருக்கத் தொட்டுக்கொள்கிற விரல். துவரம்பருப்பில் வண்டு வராமலிருக்கப் பூசி வைத்த விளக்கெண்ணெயைக்கூட ஒரு நாள் சந்தேகத்தோடு பார்த்தேன். 

நான் அளவுக்காரி. அரை இஞ்ச் தப்பினால் ஜாக்கெட் கையில் ஏறாது. அதனால் எண்ணெயையும் விடவில்லை. ஸ்பூன் ஸ்பூனாக அளந்து ஊற்றி, ஊற்ற ஊற்ற எழுதினேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை எங்கள் வீட்டுச் சமையலுக்கு ஒன்பது ஸ்பூன். ஒன்பதை நூற்று இருபதால் பெருக்கினால் ஆயிரத்து எண்பது. மீதி எனக்குச் சாப்பிட மிச்சமிருந்தது நானூற்று இருபது. அதற்குள் ஒரு எலுமிச்சம்பழ அளவு களியும், தண்ணி மோரும், நாலு வெள்ளரிப் பிஞ்சும் வைத்து நாளை ஓட்டினேன். மூன்று வாரம். தையல் ஊசிக்குள் நூல் கோக்கும்போது ஊசி இரண்டாகத் தெரியும். எடை மூன்று கிலோ இறங்கியது. அப்படியே கண்டினியூ பண்ணுங்க என்றார் நர்ஸம்மா, நோட்டைத் திறக்காமலே.

இந்த நிலைமையில்தான் சம்பந்தி வீட்டு விருந்து.

அது வெறும் விருந்தாக இருந்திருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன். போனதற்குக் காரணம் வேறு. நித்யா சேலத்தில் பி.எட். ஒரு வருஷம் முடித்திருந்தாள், இன்னொரு வருஷம் பாக்கி. அதற்குள் இந்த வரன் வந்து, நல்ல குடும்பம் என்று முடித்துவிட்டோம். படிப்பைப் பற்றிக் கேட்டபோது சம்பந்தியம்மா, "அதெல்லாம் பாத்துக்கலாம்ங்க" என்றார். ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். காலேஜில் பணம் கட்ட, விருந்து முடிந்து வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதைத் தவறவிட்டால் அவளும் என்னைப் போல அட்டை போட்ட புத்தகத்தோடு நின்றுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை விருந்து. சனிக்கிழமை நித்யா போன் பண்ணினாள்.

"அம்மா, நா கேட்டா எடுபடாது. அவரு கேட்டா பொண்டாட்டி பேச்சுன்னு ஆயிரும். நீ பெரியவங்க முறையில கேளு. அத்தைக்கு நல்லா சாப்ட்டவங்களக் கண்டா மனசு எளகிரும். வயிறாரச் சாப்புடு. ஒப்பட்டு வச்சு முடிச்சதும் பேச்செடு. அதுக்கு முன்னாடி வாயத் தொறக்காத. தெரியுதா?"

தெரிந்தது. எல்லாம் தெரிந்துதான் போனேன். ஸ்பூனையும் நோட்டையும் பையில் எடுத்துக்கொண்டு போனேன்.

சம்பந்தி வீட்டில் எண்ணெய்க்கு ஒரு தனி மரியாதை உண்டு. அவர்கள் கொல்லையில் விளைந்த கடலையை அவர்களே மில்லுக்கு எடுத்துப்போய், முன்னால் நின்று ஆட்டிக்கொண்டு வருவார்கள். தூக்குப்போசியில் தளும்பத் தளும்ப ஊற்றி, சமையலறை மேடையில் நடுநாயகமாக வைத்திருப்பார்கள். சம்பந்தியம்மா அதிலிருந்து கரண்டியால் மொண்டு ஊற்றும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கு மயக்கம் வரும்.

இலை போட்டார்கள். களி, நாட்டுக்கோழிக் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், கத்தரிக்காய் வதக்கல், சோறு, ரசம். இனிப்புக்கு ஒப்பட்டு உள்ளே சூடாகக் காத்திருந்தது. நான் வாயைத் திறக்காமல்தான் உட்கார்ந்தேன். பொரியல் இலையில் விழுந்ததும் பளபளவென்று மின்னியது. கை தானாக நின்றது, வாய் தானாகத் திறந்தது.

"சம்பந்தி, இந்தப் பொரியலுக்கு எண்ணெய் எவ்வளவுங்க ஊத்துனீங்க?"

கரண்டி அந்தரத்தில் நின்றது. "ஏங்க, காஞ்சு கெடக்குதா?"

"அய்யோ இல்லீங்க. சும்மா கேட்டேன்."

"சும்மா யாருங்க எண்ணெயக் கேப்பாங்க?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், போசியிலிருந்து ஒரு கரண்டி மொண்டு வந்து, என் அவரைக்காய் தலையில் பச்சையாக ஊற்றினார். "கூச்சப்படாம கேட்டு வாங்கிச் சாப்புடுங்க. நம்ம கொல்லைக் கடல."

எங்கள் பக்கத்தில் விருந்துக்கு வந்தவர் வாயிலிருந்து எண்ணெய் என்று ஒரு சொல் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம், பத்தவில்லை என்பது. குறைத்துக் கேட்கிறவர் யாரும் இதுவரை பிறக்கவில்லை. இது எனக்குத் தெரியாதா? நானே என் வீட்டுக்கு வந்தவர்களுக்கு அப்படி ஊற்றினவள்தானே. எனக்குச் சர்க்கரை என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வருமே என்று அவர்கள் நினைத்துவிட்டால்? நாளைக்குப் பேரப்பிள்ளைக்கும் வருமே என்று நினைத்துவிட்டால்? இன்னும் பிறக்காத பேரனின் சர்க்கரைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். மூட வேண்டிய இடத்தில் திறப்பதும் திறக்க வேண்டிய இடத்தில் மூடுவதும் எனக்குக் கூடவே பிறந்தது.

மடியில் நோட்டை மறைத்து வைத்து எழுதினேன்.

அடுத்து குழம்பு வந்தது. இரண்டு நிமிஷம் அடக்கிப் பார்த்தேன்.

"கோழிக்கு வதக்க மட்டுந்தான் எண்ணெய்ங்களா? தாளிக்கத் தனியாங்களா?"

சம்பந்தியம்மாவின் முகம் சுருங்கியது. "வாசமே வரலைங்களா?" இரண்டாவது கரண்டி. இந்தத் தடவை களியில் குழி பறித்து அதற்குள் ஊற்றினார். நித்யா எதிர்ப்பக்கத்திலிருந்து என்னைப் பார்த்த பார்வையில் இலையே கருகியிருக்கும். என் வீட்டுக்காரர் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இருபத்தேழு வருஷமாக அவர் அப்படித்தான் சாப்பிடுகிறார்.

சம்பந்தி ஐயா வேறு, "என்னம்மா, தங்கச்சிக்குக் காரம் தூக்கலா இருக்குது போல. இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடு," என்றார் அன்பாக.

மூன்றாவது கரண்டி விழுந்தபோது என் கணக்கு ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டிவிட்டது. குழம்பில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் ஒரு வாய் உள்ளே இறங்கவில்லை. தெரிந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? அதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்கு அளவு வேண்டும், அவ்வளவுதான்.

"தண்ணி மோந்துக்கறேன்," என்று பையும் நோட்டுமாக எழுந்து சமையலறைக்குப் போனேன்.

அடுப்பில் குழம்புச் சட்டி. மேலே இரண்டு விரல் கனத்துக்கு எண்ணெய் மிதந்தது, செக்கச்செவேல் என்று. எந்தப் பொம்பளையும் பெருமையாகக் காட்டுகிற மிதப்பு. நான் பையிலிருந்து ஸ்பூனை எடுத்தேன். ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்தேன். மேலாக மொண்டு மொண்டு டம்ளரில் விட ஆரம்பித்தேன்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

அளந்துவிட்டுத் திரும்பச் சட்டியிலேயே ஊற்றிவிடுவதுதான் திட்டம். சத்தியமாகத் திட்டம் அதுதான். பதினான்கு வரை வந்திருந்தேன்.

"என்ன பண்றீங்க சம்பந்தி?" பின்னால் சம்பந்தியம்மா.

நான் துள்ளிய துள்ளலில் முழங்கை போசியில் பட்டது. போசி மேடையிலிருந்து சாய்ந்து, ஒரு தடவை யோசித்து, விழுந்தது. ஒரு வருஷக் கொல்லைப் பெருமை தரையில் ஓடியது. அதன் மேலே என் நோட்டு விழுந்தது. சத்தம் கேட்டு ஓடி வந்த என் வீட்டுக்காரர் வாசற்படியில் கால் வைத்தார், வைத்த கால் எங்கேயோ போயிற்று. மிக மெதுவாக, நாற்காலியில் உட்காருவது போல, தரையில் உட்கார்ந்தார்.

"எண்ணெய்," என்றார். அன்று முழுக்க அவர் பேசியது அது ஒன்றுதான்.

சம்பந்தியம்மா டம்ளரைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். மிதப்பு போய்க் குழம்பு மொட்டையாகத் தெரிந்தது.

சம்பந்தி ஐயா நல்லவர். உதவி செய்வதாக நினைத்து நோட்டை எடுத்து, துண்டில் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். "கடுகு தாளிக்க ஒண்ணு. வெங்காயம் வதக்க ரெண்டு. சம்பந்தி வூடு. அவரைக்காய் மேல பச்சையா ஒண்ணு, கேக்காமயே. களிக் குழியில ஒண்ணு, கேக்காமயே..." பக்கத்தைத் திருப்பினார். "சம்பந்தியம்மா. கல்யாண ஜாக்கெட். மார்பு நாப்பத்தி..."

நிறுத்தினார். நோட்டை மூடினார். இருமினார். மாப்பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

சம்பந்தியம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "எங்க வூட்டுல எலயில விழற எண்ணெயக் கணக்கெழுதியிருக்கறீங்க," என்றார். "ஆறு மாசமா உங்க பொண்ணு இங்க சாப்புடறா. எத்தன இட்லின்னு நா ஒரு நாளு எண்ணியிருக்கறனா? கேளுங்க அவள."

நித்யாவின் கண்ணில் வெள்ளிக்கிழமை தெரிந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எது முதலில், எது பின்னால் என்று இல்லாமல் கொட்டினேன். "சர்க்கரைங்க. எல்லையிலதாங்க. ஒரு காலுதான் அந்தப் பக்கம். நர்ஸம்மா எழுதச் சொன்னாங்க. வெள்ளிக்கெழம கடைசிங்க. ஒரு வருசந்தாங்க பாக்கி. ஒம்போது ஸ்பூனுங்க. நா எட்டாவதோட நின்னுட்டேங்க, அவ நிக்கக் கூடாதுங்க. உங்க எண்ணெய் மேல எனக்கு ஒண்ணுமே இல்லைங்க."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நித்யாதான் நோட்டை வாங்கிப் புரட்டினாள். புரட்டப் புரட்ட அவள் புருவம் மேலே ஏறியது.

"அம்மா. தெனம் ஒம்போது ஸ்பூன், ஆயிரத்து எம்பதுன்னு போட்டிருக்கியே. இது யாரு கணக்கு?"

"என் கணக்குதான்."

"நம்ம வூட்டுல சாப்புடறது எத்தன பேரு?"

"நானு, உங்கப்பா, தம்பி, உங்க தாத்தா. நாலு பேரு."

"அப்ப நாலால வகுக்கணுமில்ல? நாலு பேரு எண்ணெயையும் நீயே குடிச்ச மாதிரி எழுதி வச்சிருக்கற?"

வகுத்துப் பார்த்தேன். இருநூற்று எழுபது. மூன்று வாரமாக நான் இருநூற்று எழுபதுக்குப் பதிலாக ஆயிரத்து எண்பதுக்குப் பயந்து, வெள்ளரிப் பிஞ்சைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற புத்தி, எண்ணெயையும் எல்லோருக்கும் சேர்த்து என் தலையிலேயே ஊற்றிக்கொண்டுவிட்டது.

முதலில் மாப்பிள்ளையின் தோள் குலுங்கியது. அப்புறம் சம்பந்தி ஐயா. சம்பந்தியம்மா முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்து, முடியாமல் சிரித்து, சிரித்த வேகத்தில் வழுக்கி, மேடையைப் பிடித்துக்கொண்டார். பிறகு திடீரென்று கோபம் வந்துவிட்டது அவருக்கு.

"மூணு வாரமா பட்டினியா கெடந்தீங்களா? தலை சுத்தி மிஷின்மேல விழுந்திருந்தா? அறிவிருக்குதா உங்களுக்கு?" என்னைப் பிடித்து இழுத்துக் கூடத்தில் உட்கார வைத்து, இலையில் ஒரு ஒப்பட்டு வைத்தார். "இத ஆறால வகுக்காதீங்க. முழுசும் உங்களுக்குத்தான்." எண்ணெய் ஊற்றவில்லை. ஊற்றப் போசியில் எண்ணெயும் இல்லை.

நான் முழுசாகச் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரிலேயே நின்றார். முடித்ததும் திரும்பிப் பார்க்காமல் கேட்டார். "நித்யா, அந்தப் படிப்பு இன்னும் எவ்வளவு நாளு?"

"ஒரு வருசம் அத்தை."

"போயி முடி. எட்டாவதோட நிறுத்துனா என்ன ஆவுதுன்னுதான் பாத்தமே. வகுத்தல்கூட நிக்க மாட்டேங்குது. நாளைக்கு எனக்கும் சர்க்கர வரும், அந்த நர்சு எழுதச் சொல்லும். வூட்டுல வகுக்கத் தெரிஞ்ச ஒருத்தியாவது இருக்கட்டும்."

(வகுத்தல் எனக்கு நாலாம் வகுப்பிலேயே தெரியும். நீள வகுத்தலில் வகுப்பிலேயே முதலாவதாக முடிக்கிறவள் நான். அன்றைக்கு மறந்தது கவலையால்தான், படிக்காததால் இல்லை. இதை அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நித்யா என் கால் கட்டைவிரலை நன்றாக மிதித்தாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, மூட வேண்டிய இடத்தில் மூடினேன்.)

வெள்ளிக்கிழமைக்கு முன்னால், புதன்கிழமையே பணம் கட்டியாயிற்று. நித்யா படித்து முடித்து இப்போது கணக்கு டீச்சர். ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு ஒன்பது ஸ்பூன் எண்ணெய் செலவானால் ஆளுக்கு எவ்வளவு என்று ஆறாம் வகுப்புக்குக் கேள்வி கொடுக்கிறாளாம். பிள்ளைகள் சரியாகச் செய்துவிடுகிறார்களாம், அதையும் எனக்குப் போன் பண்ணிச் சொல்கிறாள். என் கால் இன்னும் எல்லைக்கோட்டின் மேலேதான் இருக்கிறது. நான் இன்னும் எழுதுகிறேன், வகுத்து எழுதுகிறேன். ஜாக்கெட் அளவுக்குத் தனி நோட்டு.

சம்பந்தி வீட்டில் எந்த விருந்தானாலும் இலை போட்டதும் சம்பந்தியம்மா கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "வகுத்துட்டீங்களா, பரிமாறட்டுங்களா?" என்கிறார். புதிதாக வந்தவர்கள் என்னவென்று கேட்பார்கள். அப்புறம் முதலிலிருந்து முழுக் கதையும். நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்த விருந்துக்கு அடுத்த மாதம் போனபோது, கொட்டின எண்ணெய்க்கு என்று முந்நூறு ரூபாயை நீட்டினேன். மில்லில் விலை விசாரித்து, ஒன்றேகால் லிட்டருக்குச் சரியாகக் கணக்குப் போட்டுக் கொண்டுபோயிருந்தேன்.

"அன்னிக்கு வூட்டுல எத்தன பேரு இருந்தோம்?" என்றார் சம்பந்தியம்மா.

"ஆறு பேருங்க."

"அப்ப வகுத்து உங்க பங்க மட்டும் குடுங்க."

வகுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை. "அது அப்படியே நிக்கட்டும். பாக்கி இருந்தாத்தான் எங்க வூட்டுல வாய மூடிக்கிட்டுச் சாப்புடுவீங்க," என்று உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு தடவையும் முந்தானையில் முடிந்து கொண்டுபோகிறேன், ஒவ்வொரு தடவையும் திரும்பக் கொண்டுவருகிறேன். ஐம்பது ரூபாய்.